வந்ததுக்கு ஒரு சுகர்

"கால்ல முள்ளு குத்துனவருக்கு எதுக்கு ஆத்மநாதன் தைராய்டு டெஸ்ட்?"

பெரிய டாக்டர் புவனேஸ்வரி கேட்ட கேள்விக்கு லேப் டெக்னீசியன் ஆத்மநாதனிடம் பதில் தயாராக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவர் சொல்லிவரும் பதில்தான் அது.

"எழுதி வந்துச்சு மேடம். எடுத்தேன்."

"கொழுப்பு டெஸ்டும் எடுத்திருக்கீங்க. ஈரல் டெஸ்டும் எடுத்திருக்கீங்க. முள்ளு என்ன ஈரல்லயா குத்துச்சு?"

"எழுதி வந்துச்சு மேடம்."

"சரி, முள்ளையாவது எடுத்தாங்களா?"

"அது லேப்ல வராதுங்க மேடம்."

டாக்டரம்மா மேஜைமேல் இருந்த பைலை மூடிவிட்டு, தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை ஒரு தடவை பார்த்தார். சித்திரை முடிந்து வைகாசி பிறக்கிற சமயம். அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

அன்னவாசலில் இருக்கும் அந்தத் தர்ம ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு எல்லாமே இலவசம். திருமயம் பக்கத்துச் செட்டியார் குடும்பம் ஒன்று, சென்னையில் போய்க் குடியேறிய பிறகும் விடாமல், தங்கள் மீனாள் ஆச்சி பேரில் நடத்திவருவது. முப்பது கட்டில், மூன்று டாக்டர், ஒரு லேப். ஊசி, குழாய், கெமிக்கல் என்று எது வாங்கினாலும் டிரஸ்ட் தலையில்தான் விழும். பங்குனி வரைக்கும் நாளைக்கு நாற்பது டெஸ்ட் என்றிருந்தது, சித்திரையில் தொண்ணூறுக்குப் போய்விட்டது. இத்தனைக்கும் படுத்திருக்கிற நோயாளி அதே முப்பது பேர்.

"டிரஸ்டி சண்முகம் அய்யா நேத்து போன் பண்ணாரு" என்றார் டாக்டரம்மா. "மாசக் கடைசியில நேர்ல வாராரு. அதுக்குள்ள டெஸ்ட்டு பழையபடி குறையலைன்னா லேபை இழுத்து மூடிட்டு, ரத்தத்தையெல்லாம் புதுக்கோட்டைக்கு அனுப்பிருவோம்னு சொல்லிட்டாரு."

"அப்ப நானு?"

"ஒங்களைச் சென்னை ஆபீஸ்ல பைல் பாக்கச் சொல்றாரு."

சென்னையில் ஆத்மநாதனுக்குத் தெரிந்த ஒரே இடம் எழும்பூர் ஸ்டேஷன். அதுவும் ஒருதரம் தூக்கக் கலக்கத்தில் பக்கத்துப் பிளாட்பாரத்துக்கு நடந்து தொலைந்த அனுபவம். அது கிடக்கட்டும். அந்த லேபை விட்டுவிட்டு அவரால் இருக்க முடியுமா? காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவார். சாப்பாடும் அங்கேயேதான். ஊரில் வெயில் எப்படி அடிக்கிறது என்பதே வாட்ஸப்பில் யாராவது படம் போட்டால்தான் அவருக்குத் தெரியும். தவிர, பாம்பு கடித்து ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவன் ரத்தம் உறைகிறதா இல்லையா என்று இருபதாவது நிமிஷம் அவர் சொல்லிவிடுவார். அப்படிப் பிழைத்துப் போனவர்கள் அன்னவாசல் சந்தையில் அவரைக் கண்டால் கத்திரிக்காயை நிறுக்காமலே பையில் போடுவார்கள். லேபை மூடிவிட்டால் அந்த ரத்தம் வண்டி பிடித்துப் புதுக்கோட்டைக்கல்லவா போக வேண்டும்!

"மேடம், என்கிட்ட விடுங்க. பதினஞ்சே நாள்ல பாதியாக்கிக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

முதலில் அவர் கை வைத்தது டெஸ்ட் எழுதி அனுப்புகிற பாரத்தில். பழைய பாரத்தில் இருபத்துநாலு டெஸ்டின் பெயரும் வரிசையாக அச்சடித்திருக்கும். பக்கத்தில் ஒரு கட்டம். வேண்டியதில் மட்டும் டிக் அடிக்க வேண்டும். தலைமை நர்ஸ் பிளெஸ்ஸி ஆவூர்க்காரர், கை வேகமான பெண். மேல் கட்டத்தில் பேனாவை வைத்தால் கடைசிக் கட்டத்தில்தான் எடுப்பார். ஒரே கோடு, இருபத்துநாலும் அதற்குள் அடக்கம்.

ஆத்மநாதன் கட்டத்தையெல்லாம் தூக்கிவிட்டார். இனிமேல் டெஸ்டின் பெயரைக் கையால் எழுத வேண்டும். எதற்காக என்று காரணம் எழுத வேண்டும். எழுதினவரே லேபுக்கு வந்து, நேரில் உட்கார்ந்து, ஆத்மநாதனிடம் விளக்க வேண்டும். டாக்டரம்மாவும் சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"இனிமே பாருங்க மேடம். இம்புட்டுத் தூரம் நடந்து வாரதுக்குச் சோம்பல்பட்டே பாதியாயிரும்."

மறுநாள் பத்து மணிக்கு டூட்டி டாக்டர் பிரவீன்குமார் முதல் பாரத்தோடு வந்தார். படித்து முடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. தங்கமான பிள்ளை.

"காரணம்னு போட்ட எடத்துல 'களைப்பு'ன்னு எழுதியிருக்கீங்களே டாக்டர்?"

"ஆமா சார்."

"யாருக்குக் களைப்பு?"

"பேஷண்டுக்குத்தான் சார்." பிரவீன்குமார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எனக்கும் கொஞ்சம்."

விளக்கம் முக்கால் மணி நேரம் நீண்டது. களைப்பில் எத்தனை வகை உண்டு, ஒவ்வொரு வகைக்கும் என்ன டெஸ்ட் என்று பிரவீன்குமார் சொல்லச் சொல்ல ஆத்மநாதனுக்கே புதிதாக நாலு விஷயம் தெரிந்தது. போனவர் பன்னிரண்டு மணிக்கு இன்னொரு பாரத்தோடு வந்தார். இரண்டு மணிக்கு மூன்று பாரத்தோடு வந்தார். வெறுங்கையோடு வந்தால் நன்றாயிருக்காதே என்று நினைத்தாரோ என்னவோ, வருகிறபோதெல்லாம் கையில் பாரம் இருந்தது.

நடுவில் பிளெஸ்ஸியும் வந்தார்.

"சிஸ்டர், இந்தப் பாரத்தை டாக்டர்கிட்டயே குடுத்து விட்டிருக்கலாமே?"

"எழுதினவங்கதான் வரணும்னு நீங்கதானே சார் போட்டிருக்கீங்க" என்று பிளெஸ்ஸி முக்காலியில் உட்கார்ந்தார். "கதவைச் சாத்திரவா சார்? புழுதி வருது."

சாயங்காலம் பாரங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஆத்மநாதன் காரணங்களைப் படித்தார். 'நோயாளி கேட்டார்.' 'நோயாளியின் மச்சான் கேட்டார்.' 'நேற்று எடுக்கவில்லை.' 'நேற்று எடுத்தது சரியாக இருந்தது, இன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க.' எண்ணிப் பார்த்தால் டெஸ்ட் நூற்றுப் பத்து!

"நாங்க என்ன சார் பண்றது? சனமே வந்து கேக்குது" என்றார் பிரவீன்குமார். "டெஸ்ட் வேணாம்னு சொன்னா மொகத்தைத் தூக்கி வச்சுக்கிறாங்க."

அதில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்தது. அந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்றெல்லாம் முதலில் கேட்க மாட்டார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு, "ரத்தம் எடுத்தாங்களா?" என்பார்கள். எடுத்தாகிவிட்டது என்றால் நம் ஆளைக் கவனிக்கிறார்கள் என்று அர்த்தம். இல்லையென்றால் சம்பந்திகள் மத்தியில் தலைகாட்ட முடியாது.

'அப்படியானால் சனங்களுக்குப் புத்தி சொல்லிவிட்டால் போச்சு' என்று ஆத்மநாதன் முடிவு கட்டினார். இலுப்பூருக்கு ஆள் அனுப்பிப் பிளெக்ஸ் அடித்தார். 'கீழ்க்கண்ட டெஸ்டுகள் எல்லோருக்கும் தேவைப்படாது' என்று மேலே போட்டு, கீழே பன்னிரண்டு டெஸ்டின் பெயர். பிளெக்ஸ் கடைக்காரர் தன் பங்குக்கு இரண்டு ஓரத்திலும் ரோஜாப்பூ வைத்து, நடுவில் சிரிக்கிற குழந்தை ஒன்றையும் போட்டுக் கொடுத்துவிட்டார். லேப் வாசலில் மாட்டியதும் காதுகுத்து விசேஷம் மாதிரி களை கட்டியது.

முதல் ஆளாக அதைப் படித்தவர் கருப்பையா. எழுபது வயசு, மூட்டுவலிக்காக வந்து படுத்திருப்பவர். படித்தார் என்றால் சும்மா இல்லை, ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்துப் படித்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, மறக்காமல் சாத்தினார்.

"தம்பி, அந்தப் போர்டுல ஏழாவதா இருக்கே, அது எனக்கு எடுத்தாச்சா?"

"அது ஒங்களுக்குத் தேவையில்லய்யா. அதைத்தான் அங்க எழுதியிருக்கு."

"எல்லாருக்கும் தேவைப்படாதுன்னுதானே எழுதியிருக்கு? எனக்குத் தேவைப்படாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

"அய்யா, அது புள்ள பெத்த பொம்பளைங்களுக்கு எடுக்குறது."

கருப்பையா யோசித்தார். "அப்பச் சரி. எங்க வீட்டு அம்மாவுக்கு எடுத்துருங்க. அஞ்சு பெத்தவ. அந்தா வெளிய உக்காந்திருக்கா, கூட்டியாரேன்."

"அவங்களுக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. வந்ததுக்கு ஒரு சுகர் சேத்துப் பாத்துருங்க."

போர்டு மாட்டிய மூன்றாம் நாள் கணக்கு நூற்று முப்பத்தைந்து. ஓட்டலில் விலைப்பட்டியலைப் பார்த்துச் சொல்கிற மாதிரி, "எனக்கு ரெண்டு, நாலு, ஒம்போது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆத்மநாதன் பிளெக்ஸைக் கழற்றிச் சுருட்டி பீரோ மேல் போட்டார். அப்படியும் நம்பர் எல்லோருக்கும் மனப்பாடமாகியிருந்தது.

டாக்டரம்மா போனில் கூப்பிட்டார். "என்ன ஆத்மநாதன், பாதியாக்குறேன்னீங்க. எதுல பாதி?"

"மேடம், எழுதிப் போட்டா எடுபடலை. பேசணும். ஒவ்வொருத்தரா உக்கார வச்சுப் பேசணும்."

அங்கேதான் வந்தது வினை. ஆத்மநாதன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலிருந்து மேடையேற ஆசைப்பட்டு, ஒருத்தரும் ஏற்றாமலே ஐம்பத்துநாலு வயசு வரை வந்துவிட்டவர். கேண்டீனில் இருந்து எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவரச் சொல்லி, லேபின் முன்பாதியில் இரண்டு வரிசையாகப் போட்டார். டெஸ்ட் கேட்டு வருகிறவர்களை உட்கார வைத்தார். தொண்டையைக் கனைத்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. வீட்டுல குழம்பு கொதிக்குது. உப்பு இருக்கான்னு ஒருதரம் நாக்குல விட்டுப் பாப்பீங்க. அம்பது தரம் பாப்பீங்களா?"

"பாக்க மாட்டோம்" என்றார்கள் எல்லோரும்.

"அம்பது தரம் பாத்தா என்ன ஆகும்?"

"சட்டியில குழம்பு இருக்காது."

"அதேதான் ஒடம்பும்!"

இப்படியே பத்து நிமிஷம். ரத்தம் எப்படி ஓடுகிறது, காய்ச்சலுக்கு எது தேவை, முட்டிவலிக்கு எது தேவையில்லை என்று பிய்த்து உதறிவிட்டார். ஒருத்தர் எழுந்து போகவில்லை. ஒருத்தர் இருமவில்லை. பின்வரிசையில் பொன்னுத்தாய் என்கிற அம்மா கண்ணை மூடி, முகமெல்லாம் நிம்மதியாக, லேசாக ஆடிக்கொண்டே கேட்டார்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

எட்டுப் பேரும் கை தூக்கினார்கள். சந்தேகம் தீர்க்கவே அரை மணி நேரம் பிடித்தது. ஒரு சந்தேகம் தீர்ந்தால் ஒரு புதுச் சந்தேகம் வந்தது. கடைசியில் கருப்பையா எழுந்து, "தம்பி, இந்த மாதிரி வெளக்கமா எங்களுக்கு ஒருத்தரும் சொன்னதில்ல. மத்தியானம் மறுபடி சொல்வீங்களா?" என்றார்.

ஆத்மநாதனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "சொல்றேன்யா. எத்தனை மணிக்கு வாரீங்க?"

"ஒரு மணிக்கு வாரோம். மூணு, நாலு வரைக்கும் இருக்கலாமில்ல?"

"தாராளமா!"

"சந்தோசம். வந்ததுக்கு ஒரு சுகர் பாத்துருங்க."

அன்று ராத்திரி வீட்டில் மனைவி செல்வராணி சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அவர் அடக்க முடியாமல் சொன்னார். செல்வராணி அங்கன்வாடி டீச்சர். முப்பது வாண்டுகளைப் பேசியே தூங்கவைக்கிறவர்.

"ராணி, எனக்குள்ள இப்படி ஒரு பேச்சாளன் இருக்கான்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். சனம் அப்படியே கட்டிப்போட்ட மாதிரி உக்காந்திருக்கு."

"நெசமாவா? எங்க, எனக்குக் கொஞ்சம் பேசிக் காட்டுங்க."

ஆத்மநாதன் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார். 'பெரியோர்களே, தாய்மார்களே' என்று தொடங்கி, குழம்புக்கு உப்புப் பார்க்கிற இடத்துக்குக்கூட வரவில்லை. செல்வராணி அங்கன்வாடி நோட்டால் விசிறிக்கொண்டே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

"என்ன, பாதியில போற?"

"யப்பா, உள்ள உக்கார முடியலைங்க. மீதியை நாளைக்குக் கேக்குறேன்."

ரசனை என்பது எல்லோருக்கும் வாய்க்காது என்று ஆத்மநாதன் மனசைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த வாரம் எட்டு நாற்காலி பதினாறு ஆயிற்று. பேச்சுக்குப் பத்து மணி, ஒரு மணி, மூன்று மணி என்று மூன்று காட்சி. நடு மத்தியான ஒரு மணிக் காட்சிக்குத்தான் தள்ளுமுள்ளு. நோயாளி ஒருத்தருக்குத் துணைக்கு நாலு பேர் வந்தார்கள். காலையில் குணமாகி வீட்டுக்குப் போனவர் மத்தியானம், "பேச்சுக் கேக்க வந்தேன்" என்று திரும்பி வந்தார். பெரிய டாக்டர் புவனேஸ்வரியே தினமும் இரண்டு மணிக்கு, "மேற்பார்வை பாக்க வந்தேன்" என்று ஒரு பைலோடு வந்து மூலையில் உட்கார்ந்து நாலு மணிக்குத்தான் எழுந்தார். எல்லோரும் கேட்டார்கள், எல்லோரும் தலையாட்டினார்கள், போகும்போது எல்லோரும் கையை நீட்டினார்கள். சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று ஒரு பெண் வெளிப்படையாகவே சொன்னாள். கணக்கு நூற்று எழுபது.

புகழ் ஒரு பக்கம் ஏறுகிறது; டெஸ்ட்டும் கூடவே ஏறுகிறது. ஆத்மநாதன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தவித்தார். மாசக் கடைசிக்கு ஐந்தே நாள்!

அப்போதுதான் அந்தக் கடைசி யோசனை வந்தது.

"சிஸ்டர், மனுசனுக்குப் பொறுமை கம்மி. அவசர கேஸைத் தவிர யாரு டெஸ்ட் கேட்டாலும் ரெண்டு மணி நேரம் காத்திருக்கணும்னு போட்ருவோம். சலிச்சுப்போய் எந்திரிச்சுப் போயிருவாங்க."

பிளெஸ்ஸி ஒரு மாதிரி பார்த்தார். "எங்க சார் காத்திருக்கணும்? வராந்தாவுலயா?"

"வராந்தாவுல கூட்டம் நின்னா ஸ்ட்ரெச்சர் போக முடியாது. இங்கதான், லேப்புக்குள்ள. என் கண்ணு முன்னாடி."

"நல்ல யோசனை சார்" என்று பிளெஸ்ஸி சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

ஆத்மநாதன் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று. இரண்டு மணி நேரம் என்று அறிவித்ததும் ஆஸ்பத்திரியே பண்டிகை மாதிரி ஆகிவிட்டது. பொன்னுத்தாய் தூக்குச்சட்டியில் தயிர்சோறு கட்டிக்கொண்டு வந்தார். கருப்பையா தலையணையோடு வந்தார். இரண்டு பேர் தாயக்கட்டை கொண்டுவந்தார்கள். ரத்தம் எடுக்க முறை வந்து பெயரைக் கூப்பிட்டால், "இவருக்கு மொதல்ல எடுங்க சார், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று ஒருத்தரை ஒருத்தர் தள்ளிவிட்டார்கள். இப்படி விட்டுக்கொடுக்கிற சனத்தை ஆத்மநாதன் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. தன் பேச்சுதான் இவர்களை இப்படிப் பண்படுத்தியிருக்கிறது என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. கணக்கைப் பார்த்தபோதும் கலங்கியது. இருநூற்றுப் பன்னிரண்டு.

டிரஸ்டி சண்முகம் மாசக் கடைசியில், சரியாகப் பன்னிரண்டு மணி வெயிலில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சிவந்த முகம். டாக்டரம்மா அறையில் அரை மணி உட்கார்ந்து கணக்கைப் புரட்டினார். மின்விசிறி அனலை அள்ளி அவர்மேல் கொட்டியது. சட்டை முதுகோடு ஒட்டியது. வார்டைச் சுற்றிப் பார்த்தார். முப்பது கட்டிலில் இருபத்தாறு காலி.

"நோயாளி எங்க?" என்று உறுமினார்.

"லேப்ல இருக்காங்கய்யா" என்றார் பிளெஸ்ஸி.

"நாப்பது இருந்தது இருநூறு ஆயிருக்கு! கேலிக்கூத்தா நடத்துறீக? இன்னைக்கே லேபைப் பூட்டுறேன். சாவியை எடுங்க!"

லேப் கதவைத் தடாலென்று திறந்துகொண்டு உள்ளே வந்தார். நாற்பது ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்தன. முதல் வரிசையில் கருப்பையா எழுந்து, "அய்யா, கதவு" என்றார். சண்முகம் தன்னையறியாமல் திரும்பிக் கதவைச் சாத்தினார். ஆத்மநாதன் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்கய்யா. பூட்டுறதுக்கு முன்னாடி பத்து நிமிசம் நான் பேசுறதைக் கேட்ருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி."

"பேச்சா? எனக்கு நேரமில்ல" என்று சொல்லிக்கொண்டே சண்முகம் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஒரு பெருமூச்சு விட்டார்.

ஆத்மநாதன் அன்று பேசியதைப் போல் என்றைக்கும் பேசியதில்லை. இருபத்திரண்டு வருஷத்தையும் கொட்டினார். குழம்புக்கு உப்பு வந்தது. பாம்புக் கடி வந்தது, பிழைத்த பிள்ளைகள் வந்தார்கள். தேவையில்லாத டெஸ்ட்டை நிறுத்த வேண்டும், தேவையான டெஸ்ட்டுக்காக இந்த லேப் இருக்க வேண்டும் என்று சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. "இதை மூடிட்டா நான் செத்துருவேன்யா" என்று சொல்லியேவிட்டார்.

சண்முகம் கண்ணை மூடியிருந்தார். முகத்தில் இருந்த சிவப்பு இறங்கியிருந்தது. சட்டை முதுகை விட்டு விலகியிருந்தது. பேச்சு முடிந்து ஐந்து நிமிஷம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தார்.

"நல்லாச் சொன்னீக ஆத்மநாதன். ரொம்ப நல்லாச் சொன்னீக."

"அய்யா, லேப்பு?" என்றார் டாக்டரம்மா.

"அதைச் சாயங்காலமா வெயில் தாந்தபெறகு பேசுவோம். எனக்குச் சாப்பாட்டை இங்கயே கொண்டாரச் சொல்லுங்க." கையை மெல்ல நீட்டிச் சட்டையை மடக்கினார். "வந்ததுக்கு ஒரு சுகர் பாத்துருங்க. அந்த ரெண்டு மணி நேரம் எனக்கும் உண்டில்ல? இருந்தே பாத்துக்கிறேன்."

லேபே கைதட்டியது. ஆத்மநாதன் இரண்டு கையையும் கூப்பினார். சந்தோஷத்தில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

சண்முகம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சுற்றிலும் பார்த்தார். "எனக்கு ஒண்ணுதான் வெளங்கலை. இத்தனை சனம், ஒரு நோவும் இல்லாம, எதுக்காக இங்க வந்து வந்து ஊசி குத்திக்கிட்டுப் போகுது?"

"எல்லாம் இந்த ஏழையோட பேச்சுக்குத்தான்யா" என்று ஆத்மநாதன் தலையைக் குனிந்து அடக்கமாகச் சொன்னார்.

மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா அழகிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அட நீங்க வேற சார்! இம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில ஏசி ஓடுறது இந்த ஒரு ரூம்லதான். வார்டுல ஒண்ணை மாட்டச் சொல்லுங்க, நாளையில இருந்து ஒரு பய கையை நீட்ட மாட்டான்."